முதலாளியம்மாவுக்குக் காய்ச்சல்

"நான் எதுக்குப் படுக்கணும்? நல்லா இருக்கறவ எதுக்கு..."

"உன்னை யாரு நெசமாப் படுக்கச் சொன்னா? ஒரு வாரம் மேல இருன்னுதான..."

"மேல இருந்துகிட்டு? சுவத்தைப் பாத்துக்கிட்டா?"

"சுவத்தைப் பாரு, டிவியைப் பாரு. சட்டம் போட்டது நானா? எங்கிட்ட ஏன் கத்தற?"

"நீதான். வாயத் தொறந்து எல்லாத்துக்கும் எம் பேரையே சொன்னியே, அதனாலதான் இது."

ஜின்ஷான் ஈரத் துணிக் கூடையைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு பாய்லர் பக்கம் போய்விட்டான். வாய்ச்சண்டையில் தோற்கும்போதெல்லாம் அவனுக்கு பாய்லரில் வேலை இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து சுன்மெய் பார்த்துவருகிற காட்சிதான் அது. அவள் மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை மடித்து முடித்தாள், அடுத்ததை எடுத்தாள். கை அதுபாட்டுக்கு நடந்தது. மணிக்கட்டு மட்டும் குளிருக்குச் சுருக்கென்று இழுத்தது.

தைனான் நகரத்தில் கால்வாய்க்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவர்களுடைய சலவைக்கூடம். கீழே வேலை, மேலே வீடு. அங்கே எல்லோருக்கும் சுன்மெய்தான் முதலாளியம்மா. நாலைந்து விடுதிகளின் துணி வரும், ஒரு பல் மருத்துவரின் துண்டுகள் வரும். ஆனால் அடுப்பு எரிவது முதியோர் இல்லத்துத் துணியால்தான். விரிப்பு, போர்வை, உறை, அங்கே இருக்கிற கிழவன் கிழவிகளின் உள்பனியன் வரை எல்லாம் இங்கேதான் வந்து வெளுத்துப் போகும். அந்த இல்லத்திலிருந்துதான் போன வாரம் யெ என்கிற தலைமைச் செவிலி வந்திருந்தாள். ஊரெல்லாம் நோய் பரவினால் நீங்கள் எப்படித் துணி வெளுத்துக் கொடுப்பீர்கள், அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வந்தாள். அரிசிக்கடைக்காரனிடம் கேட்டாயிற்று, எரிவாயு கொண்டுவருகிறவனிடம் கேட்டாயிற்று, இனி நீங்கள்தான் என்றாள். சரியான ஏற்பாடு இல்லாதவர்களோடு வரும் வருஷத்துக்கு ஒப்பந்தம் கிடையாது. கோபமாகச் சொல்லவில்லை. ஒரே கேள்வியை ஊர் முழுக்கக் கேட்டு அலுத்துப்போனவளின் குரல். குதிகால் தேய்ந்த செருப்பு. சுன்மெய்க்கு அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லத் தோன்றியது.

செவிலி உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கைகாட்டிக் கேட்டாள். பாய்லர் பார்க்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? முதலாளியம்மா, என்றான் ஜின்ஷான். வண்டி ஓட்டுகிற ஆஹுங்குக்கு வந்தால்? முதலாளியம்மா ஓட்டுவாங்க, என்றான் ஆஹுங், கொஞ்சம் மெதுவா ஓட்டுவாங்க, ஆனா ஓட்டுவாங்க. மடிக்கிற மேசையில் நிற்கும் பீஷியாவுக்கு வந்தால்? பீஷியா வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, முதலாளியம்மாதான், வேற யாரு, என்றாள். இஸ்திரிக்கு, கணக்குக்கு, அழுக்குப் பிரிப்பதற்கு என்று எதைக் கேட்டாலும் அதே பதில்.

"சரி, முதலாளியம்மாவுக்கே வந்தா?"

ஜின்ஷான் சிரித்தான். "அவளுக்கெல்லாம் காய்ச்சல் வராதும்மா."

புகழ்ச்சியாகத்தான் சொன்னான். சுன்மெய்யும் அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டாள், அந்தப் பெருமையிலேயே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். செவிலி மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குளிர் காய்ந்தபடி அந்தக் காலை முழுவதும் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுன்மெய் அழுக்கு மூட்டை இறங்குகிற பின்வாசலுக்கு ஓடுவதை, அங்கே முடிச்சு அவிழ்த்துக் கொட்டிவிட்டு அப்படியே மடிக்கிற மேசைக்கு வருவதை, போன் எடுப்பதை, மறுபடி பின்வாசலுக்குப் போவதை எல்லாம் பார்த்தாள். போகும்போது சொன்னாள்: "அழுக்குக் கதவுக்கும் சுத்தக் கதவுக்கும் நீங்க நடக்கற நடையை எண்ணிக்கிட்டு இருந்தேன் அக்கா. பாதியில விட்டுட்டேன். நோய்க்கு வேற வண்டியே வேண்டாம். நீங்க ஒருத்தர் போதும்."

அந்தப் பேச்சு மீன்முள் மாதிரி சுன்மெய்யின் தொண்டையில் குத்திக்கொண்டது. இத்தனை வருஷமும் ஓடினது எல்லாருக்காகவும்தானே. முன்பு அந்தக் கெட்ட காய்ச்சல் வந்த வசந்தத்தில், வடக்கே ஆஸ்பத்திரியையே உள்ளே இருந்தவர்களோடு பூட்டினார்களாம் என்று சேதி வந்த நாட்களில், இந்தக் கூடத்துக்கு ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை. கிருமித் துணி வெளுக்கிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சன்னலைச் சாத்தி ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டாள். பீஷியாவை அவள் மாமியார் வாசலைத் தாண்ட விடவில்லை. அப்போதும் இல்லத்துத் துணி ஒருநாள்கூட நிற்கவில்லை. சுன்மெய் ஒருத்தியே பிரித்தாள், போட்டாள், எடுத்தாள், மடித்தாள். ஜின்ஷான் வண்டி ஓட்டினான். முதலாளியம்மா இருக்காங்க என்கிற பேச்சு அந்த வருஷத்தில் தொடங்கியது. நோய் போனது. பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. அதன் பிறகு யாரும் யாருடைய வேலையையும் கற்றுக்கொள்ளவில்லை.

செவிலி வைத்த ஒத்திகை இதுதான். வருகிற திங்களிலிருந்து ஒரு வாரம் முதலாளியம்மாவுக்குக் காய்ச்சல். மாடியைவிட்டு இறங்கக் கூடாது. போனில்கூடக் கேட்கக் கூடாது, மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுத்திருக்கிறவளுக்கு யாராவது போன் போடுவார்களா? சாப்பாட்டைப் படியில் வைத்துத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். காலை ஆட்களும் மாலை ஆட்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது. அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் நடுவே தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, அதைத் தாண்டாமல் வேலை நடக்க வேண்டும். வாரக் கடைசியில் துணி சுத்தமாக வந்துவிட்டால் ஒப்பந்தம். அவள் ஒருமுறை இறங்கினாலும் கிடையாது. இதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை செவிலி பீஷியாவிடம் கொடுத்தாள். பீஷியாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாடாவை அவளே முட்டிபோட்டு ஒட்டினாள், கோணலாக.

திங்கட்கிழமை சுன்மெய் வழக்கம்போல இருட்டோடு எழுந்துவிட்டாள். எழுந்து, போவதற்கு இடமில்லாமல் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே இரும்புக் கதவு மேலேறுகிற சத்தம். ஜின்ஷானின் இருமல். பாய்லர் முதலில் முனகி, பிறகு உறுமி, பிறகு ஒரே சீராக ஓடியது. பீஷியாவின் ஸ்கூட்டர், அவள் செருப்பு. கீழே நிற்கும்போது இவ்வளவு சத்தமா என்று தெரிந்ததில்லை. தரைவழியாக ஏறிவரும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. ஜின்ஷான் இஸ்திரிப் பலகையைத் தவறான பக்கமாக விரிக்கிறான் என்பது அதன் கால் தட்டுகிற தட்டிலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் படிக்கடியிலிருந்து குரல் வந்தது. "ஏய், கஞ்சிமாவு எங்க வச்சிருக்க?"

சுன்மெய் வாயைத் திறந்துவிட்டாள். சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால், மேல்தட்டில். அதற்குள் பீஷியாவின் குரல் முந்திக்கொண்டது. "சாகக் கெடக்கறவகிட்ட மாவு எங்கன்னு கேப்பியா அண்ணே? இப்பிடித்தான் நாளைக்கு எனக்கும் பண்ணுவியா?"

"கேட்டா என்ன, அவ நல்லாத்தான இருக்கா."

"நல்லா இல்லை. அவங்களுக்குக் காய்ச்சல். நூத்து நாலு. தேடு."

தேடினார்கள். டப்பாக்கள் உருண்டன. எதுவோ கொட்டியது. ஆஹுங் யாரையோ திட்டினான். சுன்மெய் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பா, எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. மதியம் படியில் ஒரு தட்டு தட்டும் சத்தம். கதவைத் திறந்தால் ஆளில்லை, ஆவி பறக்கிற பால்கெண்டை மீன் கஞ்சி ஒரு கிண்ணம் இருந்தது, சந்துமுனைக் கடையிலிருந்து. யாரோ வாங்கிவந்து வைத்த சாப்பாட்டைச் சூட்டோடு, உட்கார்ந்து, ஒருதரம்கூட எழாமல் சாப்பிட்டு முடித்தாள். முடித்த பிறகு கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயன்று இல்லத்திலிருந்து போன் வந்தது. பதிலிலிருந்தே விஷயம் தெரிந்தது. மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்று ஜின்ஷான் போனுக்கு முன்னால் குனிந்து குனிந்து சொல்வதை அவள் மேலிருந்தபடி குரலிலேயே பார்த்துவிட்டாள். முதியோரின் உள்துணிகள் மாறிப்போய்விட்டன. யாரோ ஒரு கிழவருக்கு இன்னொருவரின் பனியன் போய், அவர் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று குளிரில் வெறும் மார்போடு உட்கார்ந்திருக்கிறாராம். சுன்மெய்க்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று தெரிந்தும் வந்தது. அந்தத் துணிகளைப் பிரிக்கிறது அவள் கண்தான். கழுத்து நைந்தது யாருடையது, சாயம் ஏறினது யாருடையது, பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருப்பது யாருடையது எல்லாம் அவளுக்குப் பாடம். புதிதாக ஒருவர் இல்லத்துக்கு வந்தால் அவருடைய துணியை இரண்டு தடவை பார்ப்பாள், போதும். ஒருவர் இறந்துபோனால் இல்லத்தில் சொல்வதற்கு முன்பே துணி வராததால் அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது தவிக்கட்டும், என்று நினைத்தாள். என்னைக் கூப்பிடாமல் முடியாது.

கூப்பிடவில்லை. சாயங்காலம் ஆஹுங் எங்கேயோ போய் ஒரு கட்டு வலைப்பை வாங்கிவந்தான், பெண்கள் காலுறை போட்டு வெளுப்பார்களே, அது. ஆளுக்கு ஒரு பை, பையில் ஒரு நம்பர். இல்லத்திலேயே அவரவர் துணியை அதில் போட்டு மூடி அனுப்பிவிட வேண்டியது. பையோடு இயந்திரத்தில் போட்டு, பையோடு எடுத்து, உலர்ந்ததும் பை பையாக மடித்துத் திரும்ப அதிலேயே போட்டுவிட வேண்டியது. பிரிக்கவே வேண்டாம்.

"இவ்வளவுதானா," என்று கீழே பீஷியா சொன்னது கேட்டது.

இவ்வளவுதானா. சுன்மெய் சுவரோடு சாய்ந்துகொண்டாள். அவளிடம் யாராவது முன்பே வலைப்பை வாங்கலாம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். பையோடு வெளுத்தால் அக்குள் அழுக்கு போகாது என்று காரணமும் சொல்லியிருப்பாள். அது உண்மையும்கூட. ஆனால் அதற்காக வேண்டாம் என்றிருப்பாளா என்று தன்னையே கேட்டபோது அவளால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணும் தோளும் கழுத்துமாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு வலைப்பைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முதலில் அந்தப் பையின் மேலேயே கோபம் வந்தது. பிறகு அது மெல்ல விட்டது. விட்ட இடத்தில், எங்கோ வெகு ஆழத்திலிருந்து, களைப்பு ஏறி வந்தது.

அப்படி ஒரு களைப்பை அவள் அறிந்ததில்லை. வேலை முடிந்து வருகிற களைப்புக்கு ஒரு அளவு உண்டு, தூங்கினால் போய்விடும். இது தூங்கத் தூங்கக் கூடிக்கொண்டே போனது. புதன்கிழமை எழுந்து பல் விளக்கிவிட்டு மறுபடி படுத்தாள். கண் விழித்தபோது சன்னலில் இருந்த வெளிச்சம் காலையா மாலையா என்று தெரியவில்லை. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெரியாவிட்டால் போகட்டும் என்று இருந்தது. தலையணையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அவள் தலையளவு. இத்தனை வருஷத்தில் அவள் தலையணையில் பள்ளம் விழுந்து பார்த்ததில்லை. ஊர்த் தலையணை உறையெல்லாம் வெளுத்துத் தள்ளியவள், விழிப்பாய்ப் படுத்திருந்த நேரத்தில் தன் தலையணையை மோந்து பார்த்தாள். அதற்கு ஒரு வாசனை இருந்தது. பரவாயில்லை, என்று மறுபடி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தட்டும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் கஞ்சி இல்லை. மூடிபோட்ட பாத்திரம். நல்லெண்ணெயில் முற்றின இஞ்சியைக் கருக வறுத்து, கோழியைப் போட்டு, அரிசிச் சாராயத்தை ஊற்றிக் கொதிக்கவைத்த குழம்பு. மூடியைத் திறந்ததும் அந்த ஆவி முகத்தில் அடித்தது. படிக்கடியில் பீஷியா முகக்கவசத்தோடு அண்ணாந்து நின்றாள். நாலைந்து படி தள்ளித்தான்.

"படுத்திருக்கறவளுக்கு இதைத்தான் குடுக்கணும்."

"நான் என்ன புள்ளையா பெத்திருக்கேன்?"

"பெக்கலைன்னா என்ன. படுத்தீங்கல்ல, அது போதும். சூட்டோட குடிங்க, பேசாதீங்க, உங்களுக்குக் குழாய் வச்சிருக்கு."

சுன்மெய் அதைக் குடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

அந்த ஊர்ப் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் படுத்தாக வேண்டும். தண்ணீரில் கை வைக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்று படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அந்த மாதத்தில் உடம்பு திரும்பக் கட்டிக்கொள்ளும், கட்டிக்கொள்ளாமல் எழுந்தவளுக்கு வயசான காலத்தில் மூட்டு மூட்டாக அது கேட்கும். மாதம் முடிக்காதவளை அக்கம்பக்கத்தில் பாவமாகப் பார்ப்பார்கள், அவள் புருஷனை வேறுமாதிரி பார்ப்பார்கள். மகள் பிறந்தபோது சுன்மெய்யும் இதே அறையில் இதே கட்டிலில்தான் படுத்தாள். ஜின்ஷானின் அக்காள் வந்து இந்தக் கோழிதான் ஆக்கிப்போட்டாள். பாதி மாதம்கூட ஆகியிருக்காது. புத்தாண்டு வசந்த விழாக் கூட்டம் விடுதிகளில் நிரம்பி, விரிப்பு மலையாகக் குவிந்த ஒரு காலையில் ஜின்ஷான் கதவோரம் வந்து நின்றான். வேலை செய்ய வேண்டாம், என்றான். "சும்மா கீழ வந்து உக்காந்து சொன்னாப் போதும்."

அவளும் சும்மா உட்கார்ந்து சொல்லத்தான் போனாள். ஒரு நாற்காலி போட்டு, போர்வை சுற்றி உட்கார்ந்து, இது இங்கே, அது அங்கே என்று சொன்னாள். சொல்லிக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்தாள், எப்போது கையைத் தண்ணீரில் விட்டாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. யாரும் அவளைத் திட்டி எழுப்பவில்லை, அதனால் கோபித்துக்கொள்ளவும் ஆளில்லாமல் போயிற்று. அன்று இறங்கியவள்தான். அந்த மகள் வளர்ந்து, படித்து, வடக்கே வேலைக்குப் போய், அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது பணம் கட்டி, பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் முழு மாதமும் படுத்தாள். போனில் அழைத்து, போரடிக்குதும்மா என்றாள். மாசத்தை முடி, என்றாள் சுன்மெய். முழுசா முடி.

குழம்பு ஆறிப்போயிருந்தது. அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ஆறினதையே குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பெரிய இயந்திரம் நின்றது. நிற்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பிழிகிற சுற்று தொடங்கி, திக்கி, ஒரு பெரிய மாடு மூச்சு விடுவதுபோல விட்டு அடங்கியது. உள்ளே இல்லத்து விரிப்புகள், தண்ணீரோடு. கீழே கூச்சல். அந்த இயந்திரத்தின் தலையில் பச்சை உறை போட்ட ஒரு பொரிப் பொட்டலம் எப்போதும் இருக்கும், அது இருந்தால் இயந்திரம் அடம்பிடிக்காது என்பது இந்த ஊர் நம்பிக்கை. தேதி தீர்வதற்குள் புதிது வாங்கி வைப்பவள் சுன்மெய். ஆஹுங் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "தேதி நேத்தோட முடிஞ்சுருச்சு," என்று கத்தினான். அதை வாங்கி வைக்கிற வேலைக்கு யாரைப் பதிலாள் போட்டீர்கள் என்று பீஷியா கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

சுன்மெய் அறைக்கு வெளியே வந்துவிட்டிருந்தாள். இயந்திரத்தின் பின்பக்கத் தட்டைத் திறந்து, வடிகுழாயின் வளைவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. அவள் கால்கள் இரண்டு படி இறங்கின. அங்கிருந்து கூடத்தில் பாதி தெரிந்தது. தரையில் சோப்புத் தண்ணீர், கோணல் மஞ்சள் நாடா. நாடாவுக்கு அந்தப் பக்கம் பீஷியா இடுப்பில் கை வைத்து நின்றாள், தாண்டாமல். ஜின்ஷான் முழங்கால் வரை நனைந்து நின்றான். முகக்கவசம் ஒரு காதில் மட்டும் தொங்கியது. வலது கையில் இஸ்திரி சுட்ட தழும்பு, புதியது. இந்த வாரத்தில் ஆள் இளைத்திருந்தான். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

நாளை செவிலி வருகிறாள். விரிப்பு போகாவிட்டால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் இந்தக் கூடத்தில் பாதி ஆளுக்கு வேலை போகும். இதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். ஜின்ஷான் திரும்பி பீஷியாவைப் பார்த்தான். பீஷியா கூரையைப் பார்த்துக்கொண்டாள். அவன் படிக்கடிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, கெஞ்சலாகத்தான் சொன்னான்.

"யாரும் போய்ச் சொல்லமாட்டாங்க. கைய வைக்க வேணாம் நீ. சும்மா கீழ வந்து உக்காந்து சொன்னாப் போதும்."

அவனுக்கு அது ஞாபகம் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. அவன் எதையும் மறைக்கவில்லை, அவனுக்கு உண்மையிலேயே அது புதிதாக, அந்த நிமிஷத்தில் தோன்றிய யோசனை. சுன்மெய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, இரண்டு படியும் ஏறி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்து நின்றபோது ஒப்பந்தத்தைத் தானே போட்டு உடைத்துவிட்டோமா என்று இருந்தது. கீழே வெகுநேரம் சத்தமில்லை. பிறகு வாளிகள். தண்ணீரை மொண்டு மொண்டு வாசலில் கொட்டினார்கள். விரிப்புகளை இருவர் இருவராகப் பிடித்து முறுக்கிப் பிழிகிற முனகல் கேட்டது. பிறகு ஜின்ஷானின் ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. அது திரும்பி வந்தபோது அதோடு ஒரு வண்டியும் வந்தது, கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறக்கிற வண்டி. ஆஹுங்கின் வண்டி அப்படித் திறக்காது. சுன்மெய் சன்னல் திரையை விரலளவு விலக்கினாள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வூவின் சலவை வண்டி. ஒரு விடுதியை யார் பிடிப்பது என்று வந்த சண்டையில் ஜின்ஷானும் வூவும் பேச்சை விட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும், கோயில் விருந்தில்கூட முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். அந்த வூவின் மகன் ஈர விரிப்புகளை வாங்கி ஏற்றிக்கொண்டிருந்தான். ஜின்ஷான் பக்கத்தில் நின்று, தேவையே இல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரையை விட்டாள். இத்தனை வருஷம் அவன் வூவிடம் போகாமல் இருந்ததற்கு, எது நின்றாலும் பார்த்துக்கொள்ள அவள் இருந்ததுதான் காரணம். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. படுத்தாள்.

சனிக்கிழமை செவிலி வந்தாள். அவள் குரல் மெதுவானது, மேலே சரியாகக் கேட்கவில்லை. பீஷியாவின் குரல்தான் கேட்டது. இறங்கலைம்மா, ஒரு தடவைகூட கூடத்துல கால் வைக்கலை, என் கண்ணு சாட்சி. நாடாவைத் தாண்டினவங்க யாரும் இல்லை, நாடா கோணல்னா அது என் தப்பு. பிறகு நடக்கிற சத்தம், கதவுகள் திறந்து மூடுகிற சத்தம். பிறகு வண்டி கிளம்பிப் போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜின்ஷான் மேலே வந்தான். கதவைத் தட்டவில்லை. பாதிப் படியில், சாப்பாடு வைக்கிற இடத்துக்குக் கீழே, பெருமூச்சோடு உட்கார்ந்தான். கதவு லேசாகத் திறந்திருந்தது. சுன்மெய் கட்டிலில் சாய்ந்திருந்தாள், அவனுடைய முதுகும் நரைத்த பின்தலையும் அந்த இடுக்கில் தெரிந்தன.

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, என்றான். விரிப்பு ஒருநாள் தாமதம், தலையணை உறையெல்லாம் கோணல் மடிப்பு, அதைப் பற்றி அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. நோய் வந்தால் தாமதம் ஆகத்தான் செய்யும், அழுக்கும் சுத்தமும் கலக்காமல் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றாளாம். வூவோடு பேசி வைத்துக்கொண்டது ரொம்ப நல்லது, அவங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா அவங்க, மத்த கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்லப் போகிறேன் என்றாளாம். இதைச் சொல்லும்போது ஜின்ஷானின் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. வூ டீ கொடுத்தான், என்றான். கசப்பு. அவன் மூஞ்சி மாதிரியே. ஆனா குடிச்சேன்.

அவன் கையிலிருந்த சூட்டுத் தழும்பை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கீழே மாலை ஆட்கள் கடைசி டிரையரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பச்சைப் பொட்டலம் புதுசு வாங்கி வச்சுட்டேன்," என்றான் ஜின்ஷான். கொஞ்சம் பொறுத்து, "நாளையோட வாரம் முடியுது. திங்கக்கெழமை காலைல எறங்கிடு. எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க," என்றான்.

டிரையர் சுற்று குறைந்து, குறைந்து, நின்றது. யாரோ அதன் கதவைத் திறந்தார்கள். சூடான துணியின் வாசனை படிவழியே ஏறி வந்தது. சுன்மெய் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள், மணிக்கட்டுகள் இரண்டையும் அதன் கதகதப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாசம் முடியட்டும்," என்றாள்.